"நாம ஜெயிச்சிட்டோம்" என்றபோது யார் அந்த நாம்?

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. மார்கழி பிறந்து மூன்றாவது நாள். கிருஷ்ணகிரியில் அந்த மாதத்துக் குளிர் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் தெரு அடங்கிவிடும். அன்றைக்கு மட்டும் ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு டீக்கடையில் பதினொன்றரை மணிக்கும் ஐம்பது பேர் நின்றிருந்தோம். உள்ளே இடம் போதாமல் பாதிப் பேர் தெருவில். சுவரில் மாட்டியிருந்த டிவியில் கத்தார் நாட்டின் லுசைல் மைதானம். கால்பந்து உலகக் கோப்பை இறுதி, அர்ஜென்டினாவும் பிரான்சும். ஆட்டம் சமனாகி, மாறி மாறி உதைத்து முடிவு செய்யும் பெனால்டி ஷூட் அவுட். அர்ஜென்டினாவின் கொன்சாலோ மொன்டியேல் ஓடிவந்து பந்தை உதைத்தார். வலை அசைந்தது. 36 வருஷம் கழித்து உலகக் கோப்பை அர்ஜென்டினாவுக்குப் போனது.

தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த சரத்தை ஒரு பையன் எடுத்துவந்து நடுரோட்டில் கொளுத்தினான். சத்தம் கேட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "என்னப்பா, யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார். நீலமும் வெள்ளையும் பட்டை போட்ட ஜெர்சிக்குள் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பையன் பதில் சொன்னான்: "நாம ஜெயிச்சிட்டோம் தாத்தா!"

ஆறரை மாதம் கழித்து, 2023 ஜூலை 4, செவ்வாய்க்கிழமை. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இந்தியக் கால்பந்து அணி குவைத்தைத் தோற்கடித்துத் தெற்காசியக் கோப்பையை வென்றது. அதுவும் பெனால்டியில்தான், அதுவும் கடைசி உதை வரை இழுத்துப் பிடித்துத்தான். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பியூனஸ் அயர்ஸ் ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். ஆனால் அந்த ஜூலை ராத்திரி நம் ஊரில் ஒரு வெடிச்சத்தம் இல்லை. அந்த டீக்கடை வழக்கமான நேரத்துக்குப் பூட்டியிருந்தது.

இந்த இரண்டு ராத்திரிகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி என்னை ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்கிறது. "சொந்த நாட்டு டீமைக் கண்டுக்க மாட்டான், எவனோ வெளிநாட்டுக்காரனுக்கு வெடி வெடிக்கிறான்" என்று அந்தப் பையனைத் திட்டுவது சுலபம். பலர் திட்டினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவன் சந்தோஷம் நூற்றுக்கு நூறு நிஜம். அது எப்படி உண்டாயிற்று என்று பார்த்தால்தான், ஜூலை ராத்திரி ஏன் அமைதியாகப் போனது என்பதும் புரியும்.

முதலில் அந்தச் சொல். தமிழில் 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். நாம் என்றால் கேட்பவரும் உள்ளே. தெலுங்கிலும் இப்படி மேமு, மனமு என்று இரண்டு உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் தெருவில் கேட்கும். அதனால் இந்த வித்தியாசம் இங்கே பழகுகிறவர்களுக்குக் காதோடு வருகிற விஷயம். அந்தப் பையன் "நாங்க ஜெயிச்சிட்டோம்" என்று சொல்லவில்லை. பிரான்ஸ் கட்சிக்காரன் எதிரில் நின்றிருந்தால் அப்படிச் சொல்லியிருப்பான். போர்வையோடு வந்த தாத்தாவிடம் "நாம" என்றான். அர்ஜென்டினாக் கேப்டன் மெஸ்ஸி யார் என்றே தெரியாத அவரையும் ஒரு சொல்லில் ஜெயித்தவர் கூட்டத்தில் சேர்த்துவிட்டான்.

ஜெயித்ததும் இப்படிச் சேர்த்துப் பேசுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1976-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சனிக்கிழமை அமெரிக்கன் ஃபுட்பால் போட்டி நடக்கும். தங்கள் அணி ஜெயித்திருந்தால், திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்களில் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட உடையோடு வருகிறவர்கள் கூடுதலாக இருந்தார்கள். மாணவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் போட்டி என்ன ஆயிற்று என்று கேட்டபோது, வெற்றியைப் பற்றிப் பேசும்போது தங்களையும் சேர்த்துத் தன்மைப் பன்மையில் பேசினார்கள். தோல்வி என்றால் அந்த ஒட்டுதல் குறைந்தது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், "ஜெயிச்சிட்டோம்", "தோத்துட்டானுங்க". ஒரே அணிதான், முடிவைப் பொறுத்து விகுதி மாறுகிறது.

இது வாய்ப்பேச்சோடு நிற்பதும் இல்லை. 1994 உலகக் கோப்பை இறுதியில் பிரேசிலும் இத்தாலியும் மோதியதைப் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்களின் எச்சிலை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துச் சோதித்தார்கள். ஜெயித்த பிரேசிலின் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறியிருந்தது. இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. அவர்கள் யாரும் பந்தைத் தொடவே இல்லை, உட்கார்ந்து பார்த்தவர்கள்தான். 2006-இல் உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது, ஜெர்மனி ஆடிய நாட்களில் மூனிக் வட்டாரத்தில் இதயக் கோளாறுக்கு அவசர சிகிச்சை தேவைப்பட்டவர்கள் சாதாரண நாட்களைவிட இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தார்கள் என்று ஒரு மருத்துவ ஆய்வு கணக்கிட்டது. பார்க்கிறவன் உடம்பும் ஆடுகிறவன் உடம்போடு சேர்ந்து ஓடுகிறது. வீட்டில் நெஞ்சுவலிக்கு மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் இருந்தால், ஷூட் அவுட் நேரத்தில் அவர்கள் பக்கம் ஒரு கண் இருக்கட்டும்.

சரி, உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பது இது. ஆனால் கிருஷ்ணகிரிப் பையன் உடம்பு அர்ஜென்டினாவுக்காக ஏன் துடிக்க வேண்டும்?

அந்த வழியைத் தேடிப் போனால் 1986 வருகிறது. மெக்சிகோவில் நடந்த அந்த உலகக் கோப்பையைத்தான் தூர்தர்ஷன் தொடக்கம் முதல் நேரடியாகக் காட்டியது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்குப் பின் கலர் டிவி மெல்லப் பரவிக்கொண்டிருந்த காலம். ஜூன் 22 அன்று இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினாவின் மரடோனா போட்ட இரண்டு கோல்களை அப்போது பார்த்தவர்கள், ஒன்று கையால் போனது, இன்னொன்று பாதி மைதானத்தைத் தாண்டி ஓடிப் போட்டது, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். வெள்ளைக்காரனைச் சொந்தத் திறமையால் ஓடவிட்ட குள்ளமான ஒரு மனிதர் என்பது வங்காளத்திலும் கேரளத்திலும் ஆழமாகப் பதிந்தது. அங்கே ஏற்கனவே கால்பந்து மண்ணில் ஊறியிருந்தது. விதை விழுந்ததும் முளைத்துவிட்டது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் அந்த ஈரம் இல்லை. கால்பந்து இந்தியாவில் எங்கெங்கே வேர் பிடித்தது என்று பார்த்தால் துறைமுகம், ராணுவக் குடியிருப்பு, மிஷன் பள்ளி, கடற்கரை இவற்றைச் சுற்றித்தான். தமிழ்நாட்டில் வட சென்னை, கன்னியாகுமரிக் கடற்கரை, நீலகிரி. நம் பக்கம் கபடி உண்டு, வாலிபால் உண்டு, தை மாதத்தில் எருது விடும் விழா உண்டு, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கிரிக்கெட் உண்டு. நான் படித்த பள்ளியில் கால்பந்து என்பது பி.டி. மாஸ்டரின் பீரோவுக்குள் இருக்கும் ஒரு பொருள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வெளியே வரும். இரண்டு பக்கமும் புத்தகப் பைகளை அடுக்கினால் கோல் போஸ்ட். பந்தில் காற்றுப் போனால் அந்த வருஷக் கால்பந்து முடிந்தது.

ஆக, நமக்கு இது பிந்தி வந்த சேதி. மூன்று வழியாக வந்தது என்பேன். ஒன்று, கேரளம். தமிழ்நாட்டு ஊர்களின் பேக்கரிகளையும் டீக்கடைகளையும் நடத்துகிறவர்களில் மலையாளிகள் கணிசம். உலகக் கோப்பை மாதம் வந்தால் கடைக்குள் ஒரு கொடி தொங்கும். டீ குடிக்க வந்தவன் "அது எந்த நாட்டுக் கொடி சேட்டா?" என்று கேட்பான். கதை அங்கே ஆரம்பித்துவிடும். 2022-இல் கோழிக்கோடு அருகே புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடிக் கட்-அவுட் வைத்து, அதற்குப் போட்டியாக நெய்மாருக்கு 40 அடியில் வைத்து, பிறகு ரொனால்டோவுக்கும் வைத்தார்கள். அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது. கட்-அவுட்டைப் பற்றித் தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பார்த்த உடனே நம் பையன்களுக்கு அந்த மொழி புரிந்துவிட்டது.

இரண்டாவது, பெங்களூரு. இங்கிருந்து படிக்கவும் வேலைக்கும் போய், சனி ஞாயிறு ஊருக்கு வருகிற ஆயிரக்கணக்கான பேர். பெங்களூருவில் கால்பந்து யாருடைய விளையாட்டு என்று கவனித்திருக்கிறீர்களா? அல்சூர், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் என்று பழைய கண்டோன்மென்ட் பக்கத்துத் தெருக்கள். தமிழ் பேசும் உழைப்பாளிக் குடும்பங்கள் தலைமுறையாக வாழும் இடங்கள். கௌதமபுரத்துக்கு 'மினி பிரேசில்' என்றே பெயர்; தெருவில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் பட்டியலில் அருமைநாயகம் என்று ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் பள்ளியில் எனக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

மூன்றாவதுதான் உண்மையில் கூட்டத்தைக் கொண்டுவந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை இறங்கிய பிறகு, கையில் போன் வைத்திருக்கும் ஒவ்வொரு பையனுக்கும் மெஸ்ஸி தினசரி வரவானார். முழு ஆட்டம் பார்க்க நேரமில்லை என்றாலும் முப்பது நொடித் துண்டுகள் போதும். 2022 உலகக் கோப்பையை ஜியோசினிமா காசு வாங்காமல் காட்டியது. தமிழில் வர்ணனையும் இருந்தது. இறுதிப் போட்டியை அந்த ஒரு செயலியில் மட்டும் 3.2 கோடிப் பேர் பார்த்ததாக நிறுவனம் அறிவித்தது. ஆட்டம் நம் நேரப்படி ராத்திரி 8.30-க்குத் தொடங்கியது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. பிரேசிலில் நடந்த 2014 இறுதிப் போட்டி நமக்கு நள்ளிரவுக்குப் பின் வந்தது. விழித்திருக்கத் தேவையில்லாத நேரம், தெரிந்த மொழி, செலவில்லாத வழி. இந்த மூன்றும் சேர்ந்தால் டீக்கடைக்கு ஐம்பது பேர் வருவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் வந்தவர்கள் ஏன் அழுதார்கள்? அன்றைக்கு இரண்டு பேர் அழுததை நான் பார்த்தேன். இதற்குப் போனும் டேட்டாவும் பதில் ஆகாது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கோடையில் பாரதக் கூத்து நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி முழுக்கக் கூத்து, பதினெட்டு நாள். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்து கிடத்தியிருக்கும் பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஊரே கூடும். துரியோதனன் சாகப்போகிறான் என்பது கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் திரௌபதி கூந்தலை முடிகிற அந்த நிமிஷத்தில் பெண்கள் குரலெடுத்து அழுவார்கள், சிலருக்கு அருள் வரும். துரியோதனன் செத்தான் என்ற தகவலுக்காக யாரும் அழுவதில்லை. சபையில் அவிழ்ந்த கூந்தலைப் பதின்மூன்று வருஷம் முடியாமல் வைத்திருந்தாளே, அந்தப் பொறுப்பு இறங்குகிறதே, அதற்காக அழுகிறார்கள். பதினெட்டு நாளும் கூடவே உட்கார்ந்தவனுக்குத்தான் அந்தக் கண்ணீர். கடைசி நாள் மட்டும் வந்து பார்க்கிறவனுக்கு அது ஒரு வேடிக்கை.

மெஸ்ஸியின் கதை இவர்களுக்கு அப்படித்தான் நடந்தது. 2014 உலகக் கோப்பை இறுதியில் 113-வது நிமிஷத்தில் ஜெர்மனியின் மரியோ கோட்சே போட்ட கோலில் தோல்வி. கோப்பையின் பக்கத்தில் மெஸ்ஸி நடந்துபோகும் படம் எத்தனை போன்களில் முகப்பாக இருந்தது! 2015-இல் தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்கா இறுதியில் சிலியிடம் பெனால்டியில் தோல்வி. 2016-இல் மறுபடியும் அதே சிலி, மறுபடியும் பெனால்டி, இந்தத் தடவை மெஸ்ஸியே பந்தை மேலே அடித்துவிட்டு, இனி நாட்டு அணிக்கு ஆடமாட்டேன் என்று சொன்னார். பிறகு மனம் மாறித் திரும்பினார். 2020 நவம்பர் 25-இல் மரடோனா இறந்தார். 2021 ஜூலையில் மரக்கானா மைதானத்தில் பிரேசிலை 1-0 என்று வென்று கோபா அமெரிக்காவை எடுத்தார்கள். கத்தாருக்கு வந்தபோது 36 ஆட்டங்களாகத் தோற்காத அணி. முதல் ஆட்டத்திலேயே சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோல்வி.

அன்றைக்குச் சாயங்காலம் அதே டீக்கடையில் ஒருவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். எட்டு வருஷக் கதை அவன் தலையில் இருந்தது. 2014-இல் பத்து வயசு, 2022-இல் பதினெட்டு. அவன் பள்ளிப் பருவம் முழுவதும் இந்தத் தோல்விகளின் வழியாகப் போயிருக்கிறது. பாரதத்தின் பதினெட்டு நாள் மாதிரி, இவனுக்கு எட்டு வருஷம்.

இறுதி ஆட்டமும் அதற்கேற்ற மாதிரியே இழுத்தது. மெஸ்ஸியின் பெனால்டியும் டி மரியாவின் கோலும் சேர்ந்து 2-0. 79 நிமிஷம் வரை பிரான்ஸ் ஆடியதாகவே தெரியவில்லை. அப்புறம் எம்பாப்பே 80-வது நிமிஷத்தில் ஒன்று, 81-இல் ஒன்று. கடைக்குள் யாரும் மூச்சுவிடவில்லை. கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி 108-வது நிமிஷம். பத்தே நிமிஷத்தில் எம்பாப்பே மூன்றாவது கோல். 3-3. கடைசி நொடிகளில் பிரான்ஸின் கோலோ முவானி தனியாகப் பந்தோடு வந்தபோது கோல்கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். அந்தக் கால் இல்லையென்றால் இந்தக் கட்டுரையே இல்லை. பெனால்டியில் 4-2.

அர்ஜென்டினாவில் என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். அவர்களுடைய சந்தோஷம்தானே மூலம். அந்த வருஷம் அங்கே பணவீக்கம் 94.8 சதவீதம். இன்றைக்கு வாங்கிய சம்பளம் அடுத்த மாதம் என்ன வாங்கும் என்று தெரியாத நிலை. டிசம்பர் 20-ஐ விடுமுறையாக அறிவித்தார்கள். வீரர்கள் திறந்த பஸ்ஸில் பியூனஸ் அயர்ஸ் நகரத்துக்குள் வருவதாக ஏற்பாடு. 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெருவில் என்று மதிப்பிட்டார்கள். மணிக்கணக்கில் போராடியும் பஸ் நகர முடியவில்லை. கடைசியில் வீரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி மக்களின் தலைக்கு மேலே சுற்றிக்காட்டினார்கள். பசி தீர்ந்துவிட்டது என்று நினைத்து யாரும் அங்கே வரவில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நல்ல சேதி கிடைத்த நாள் என்று வந்தார்கள். விலைவாசி ஏறும்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக அடி வாங்குகிறார்கள். இது சேர்ந்து வாங்கிய பரிசு.

அந்த நாட்டுக் கால்பந்து சங்கம் வங்கதேசத்தையும் கேரளத்தையும் பெயர் சொல்லி நன்றி தெரிவித்தது. 1978-இல் டாக்காவில் மூடிய தூதரகத்தை அர்ஜென்டினா 2023 பிப்ரவரியில் திரும்பவும் திறந்தது. தூரத்து ரசிகனின் கூச்சல் காற்றில் கரைந்துபோகவில்லை. மறுமுனையில் ஒருவர் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். "நாம" என்று சொன்னதை அவர்களும் ஒப்புக்கொண்டார்கள் என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

இனி ஜூலைக்கு வருவோம்.

2023 தெற்காசியப் போட்டி பெங்களூருவில் நடந்தது. வெளியிலிருந்து லெபனானையும் குவைத்தையும் அழைத்திருந்தார்கள். ஜூன் 21 அன்று கொட்டும் மழையில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியக் கேப்டன் சுனில் சேத்ரி மூன்று கோல், 4-0. அரையிறுதியில் லெபனானோடு கோல் இல்லாமல் முடிந்து பெனால்டியில் 4-2. இறுதியில் 14-வது நிமிஷமே குவைத் முந்தியது. இடைவேளைக்கு முன்னால் மிசோரத்துப் பையன் சாங்டே சமன் செய்தார். கூடுதல் நேரமும் 1-1. பெனால்டியில் முதல் ஐந்து உதைகளும் சமம். ஆறாவதை மணிப்பூரின் மகேஷ் சிங் போட்டார். குவைத் அடித்த ஆறாவதை நம் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து பாய்ந்து தட்டினார். 5-4. ஒன்பதாவது தெற்காசியப் பட்டம். ஏறத்தாழ 25,000 பேர் மைதானத்தில்; நானும் இருந்தேன். வீரர்கள் வரிசையாக நிற்க, மொத்த மைதானமும் ஒரே தாளத்தில் கை தட்டியது. வந்தே மாதரம் என்று பாடியது. மணிப்பூரில் மே மாதம் தொடங்கிய கலவரம் ஓயாத நேரம் அது. ஜீக்சன் சிங் தன் சமூகத்தின் ஏழு வண்ணக் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு பதக்கம் வாங்கினார். சர்ச்சை ஆயிற்று. தன் ஊரில் அமைதி வரவேண்டும் என்பதைச் சொல்லத்தான் அப்படிச் செய்தேன் என்று பிறகு விளக்கினார். வெற்றி மேடையில் நின்ற ஒரு இளைஞனுக்கு 'நாம்' என்ற சொல் எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு கதை இருந்தும் நம் ஊருக்கு அது வந்து சேரவில்லை. காரணங்களில் சில சாதாரணமானவை. செவ்வாய்க்கிழமை. மாங்காய் சீசன் முடிகிற நேரம், மண்டிகளிலும் கூழ் தொழிற்சாலைகளிலும் வேலை. ஆட்டம் எந்த சேனலில், எந்தச் செயலியில் வருகிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. டீக்கடை டிவியில் தானாக வரவில்லை. சென்னைக்காரர் நந்தகுமார் சேகர் அந்த அணியில் இருந்தார் என்பதைத் தமிழ் ஊடகங்கள் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

பெரிய காரணம் வேறு. அந்த எட்டு வருஷம் இல்லை. இந்திய அணிக்கும் ஒரு காத்திருப்பு உண்டு. சொல்லப்போனால் அர்ஜென்டினாவின் 36 வருஷத்தைவிட நீளம். 1951-இல் டெல்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் ஆசியத் தங்கம் எடுத்த அணி. ஜகார்த்தாவில் சையத் அப்துல் ரஹீமின் பயிற்சியில், எதிர்த்துக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்துக்கு நடுவில் தென் கொரியாவை 2-1 என்று வென்றார்கள். அதற்கப்புறம் இன்று வரை அந்த உயரம் இல்லை. கூந்தல் அவிழ்ந்துதான் கிடக்கிறது. ஆனால் அவிழ்ந்த கதையை நமக்கு யார் சொன்னது? பதினேழு நாள் கூத்து நடக்காமல் பதினெட்டாம் நாள் படுகளத்துக்கு மட்டும் கூப்பிட்டால் யார் அழுவார்கள்?

சேத்ரிக்கு இது தெரிந்திருந்தது. 2018 ஜூனில் மும்பையில் சீனத் தைபேயை (தைவான்) 5-0 என்று வென்ற ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் சுமார் 2,500 பேர். மறுநாள் ஒரு காணொளி போட்டார். திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள் என்று கேட்டார். இரண்டு நாள் கழித்துக் கென்யாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு டிக்கெட் முழுக்க விற்றது. அது அவருடைய நூறாவது ஆட்டம். நாட்டின் அதிகக் கோல் அடித்தவர் கைகூப்பிக் கூப்பிட வேண்டியிருந்தது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் வந்தார்களே. கூப்பிட்டால் வருகிற ஜனம் நாம்.

அந்த ஜூலை மாதம் இந்தியா உலகத் தரவரிசையில் 99-ஆம் இடத்துக்கு வந்தது. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. 2025 அக்டோபரில் சிங்கப்பூரிடம் சொந்த மண்ணில் 2-1 என்று தோற்று, அடுத்த ஆசியக் கோப்பைக்கும் வழியில்லாமல் போயிற்று. அதே 2025 ஜூலையில் பெண்கள் அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இந்த ஏற்ற இறக்கத்தை வாராவாரம் டீக்கடையில் பேசுகிற ஒரு தலைமுறை இருந்தால், இதுவே கதை. தோல்வியும் சேர்ந்துதான் கதை. சவூதியிடம் தோற்ற சாயங்காலம் சாப்பிடாமல் உட்கார்ந்தானே, அவனுக்கு டிசம்பர் 18 அந்தச் சாயங்காலத்திலிருந்து வந்தது.

கண்டீரவா மைதானத்திலிருந்து சாந்திநகர் பஸ் நிலையத்துக்கு ரிச்மண்ட் சர்க்கிள் வழியாக நடந்தே போய்விடலாம். தமிழ்நாட்டுப் பஸ்கள் நிற்கும் இடம். அன்று ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் நீல ஜெர்சி போட்ட ஒரு பையன். கன்னத்தில் பூசியிருந்த மூவர்ணம் வியர்வையில் கலங்கியிருந்தது. குரல் கட்டிப்போயிருந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன தம்பி, எங்க போய்ட்டு வர்ற?"

"மேட்சுக்குண்ணா. இந்தியா கப் அடிச்சிடுச்சு."

"இன்னைக்கு ஏது கிரிக்கெட்டு?"

"கிரிக்கெட் இல்லண்ணா, ஃபுட்பால். இங்கதான், கண்டீரவால."

கண்டக்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறியபோது அவன் முதல் கோலைச் சொல்லிக்கொண்டிருந்தான். அத்திப்பள்ளி வந்தபோது பெனால்டி. எழுந்து நின்று, கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குர்பிரீத் எப்படிப் பாய்ந்தார் என்று காட்டினான். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர் கண் விழித்து, "மேல சொல்லுப்பா" என்றார்கள்.

ஓசூரில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. கண்டக்டர் இறங்கி டீக்கடைக்குப் போனார். கடைக்காரர் கிளாஸை நீட்ட, வாங்கிக்கொண்டே அவர் சொன்னது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"விஷயம் தெரியுமா? பெங்களூர்ல குவைத்துக்காரன நாம ஜெயிச்சிட்டோமாம்!"